டேப்பில் கேட்ட அந்த வார்த்தை

'திக்தே' என்றால் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியம் படித்தவர்களுக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். வாத்தியார் 'வெர்' என்பார். பச்சையா, கண்ணாடித் தம்ளரா, புழுவா, 'அந்தப் பக்கமாக' என்பதா? காதுக்கு நான்கும் ஒன்றுதான். முன்னே பின்னே வரும் சொற்களை வைத்து ஊகித்து எழுதுவோம். தப்பினால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். நியூசிலாந்தில் ஒருவருக்கு இப்படிப்பட்ட ஊகத்தால் மறுபடியும் சிறைக்கே போகும் நிலை வந்தது.

1994 ஜூன் 20, டுனீடின் நகரம். காலையில் பேப்பர் போட்டுவிட்டு வீடு திரும்பிய 22 வயது டேவிட் பெய்ன், அவசர எண் 111-ஐ அழைத்தார். அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள், தம்பி என்று ஐந்து பேரும் இறந்து கிடந்தார்கள். அப்பாதான் மற்றவர்களைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்றது டேவிட் தரப்பு. ஆனால் 1995-இல் டேவிட்டுக்குத்தான் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2007-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது.

மறுவிசாரணைக்குத் தயாரான நேரம். அந்தப் பழைய 111 டேப்பைக் கேட்ட போலீஸ்காரர் ஒருவருக்கு, மூச்சிரைப்பின் நடுவே 'ஐ ஷாட் த பிரிக்' என்று கேட்டது. அதாவது 'அந்தப் பயலை நான் சுட்டேன்'. முதல் விசாரணையில் யார் காதிலும் விழாத வாக்குமூலம்! நிபுணர்களை அழைத்தார்கள். ஒலியைப் படமாக வரைந்து அலசியும் அவர்கள் ஒத்துப்போகவில்லை. அது பேச்சா, வெறும் மூச்சா என்பதே உறுதியாகவில்லை. 'ஐ கான்ட் ப்ரீத்' என்று, மூச்சு முட்டுகிறது என்று, சொல்லியிருக்கலாம் என்றவர்களும் உண்டு.

2009-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஜூரிகள் அந்தத் துண்டைக் கேட்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. சொல்லே இல்லாத இடத்திலும், சொல்லிக் கொடுத்தால் காது கேட்டுவிடும் என்ற பயம்தான். நாற்பது வருஷம் ஃபைல் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு எச்சரிக்கையான உத்தரவைப் படிப்பது அபூர்வம். அந்த ஜூனிலேயே டேவிட் விடுதலையானார்.

ஆஸ்திரேலிய ஒலியியல் அறிஞர் ஹெலன் ஃப்ரேசரும் அவருடைய சகாக்களும் பிறகு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டியபோது அந்த வாக்கியம் கேட்டதாக எவரும் தாமாகச் சொல்லவில்லை. 'இப்படி இருக்குமோ?' என்று எடுத்துக் கொடுத்ததும் பலருக்குக் கேட்டது. கேட்டவர்களில் பலருக்கு அது பிறகு காதை விட்டுப் போகவும் இல்லை.

செய்தியையெல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் ஒலிப்பதிவைப் போட்டேன். 'ஷாட்' என்று தெளிவாகவே கேட்டது. எதுவும் சொல்லாமல் என் மனைவியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

"யாரு, இந்தப் பையனுக்கு வீஸிங்கா?" என்றாள்.