காந்தத்தின் இரண்டு நீளங்கள்

எங்கள் பனமலைக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயிலைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இன்று எழுதப்போவது வேறொரு வரலாறு. நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்திய பாடத்துக்குப் பின்னால் இருப்பது.

விலகு காந்தமானியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நினைவிருக்கும். அளவுகோலில் சட்டக் காந்தம் 10 செ.மீ. இருக்கும். கணக்கில் மட்டும் அதை 6-ல் 5 பங்காக்கி, 8.3 என்று போடச் சொல்வோம். "ஸ்கேல் பொய் சொல்லுமா சார்?" என்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். நியாயமான கேள்விதான்.

1269-இல் பீட்டர் பெரிக்ரினஸ் என்ற பிரெஞ்சுக்காரர், உருண்டையாகச் செதுக்கிய காந்தக் கல்லின் மேல் ஊசியை வைத்து வைத்துக் கோடு போட்டார். கோடுகள் எல்லாம் இரண்டு இடங்களில் கூடின. அந்த இடங்களுக்குத் 'துருவம்' என்று பேர் வைத்தார். நீளமான காந்தத்தில் துருவம் எங்கே? நுனியில்தான் என்று யாரும் நினைப்பார்கள்.

1785-இல் கூலூம் 25 அங்குல எஃகுக் கம்பியைக் காந்தமாக்கிச் சோதித்தார். விசையின் மையம் நுனியில் இல்லை. நுனியிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் உள்ளே தள்ளி இருந்தது. காரணம், காந்தக் கோடுகள் நுனி வழியாக மட்டும் வெளியே வருவதில்லை. நுனியை ஒட்டிய பக்கங்களிலிருந்தும் கிளம்புகின்றன. இரும்புத்தூளில் காந்தத்தைப் புரட்டிப் பாருங்கள், பக்கத்திலும் மீசை முளைத்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி கண்டால் துருவம் உள்ளே வந்துவிடுகிறது. அதனால் காந்த நீளம் உடல் நீளத்தைவிடக் குறைவு.

கூலூமின் கம்பிக்கு 5/6 பொருந்தாது. அது நம் பள்ளிச் சட்டக் காந்தத்துக்கான உத்தேசக் கணக்கு. இயற்கையின் விதி அல்ல. மெல்லிய நீண்ட கம்பியில் இரண்டு நீளமும் நெருங்கிவிடும்.

அப்படியானால் புவியின் காந்தத்தைத் துல்லியமாக அளப்பது எப்படி? 1832-இல் காஸ் வழி சொன்னார். 20 செ.மீ. தூரத்தில் 10 என்று போடுவதற்கும் 8.3 என்று போடுவதற்கும் விடையில் நூற்றுக்கு 4 வித்தியாசம் வரும், 40 செ.மீ.யில் 1-தான். ஆகவே இரண்டு தூரங்களில் அளந்தால், துருவம் எங்கே என்று தெரியாமலே அந்தப் பிழையைக் கழித்துவிடலாம். 1901-இல் இந்திய சர்வே துறை நாடு முழுக்கக் காந்த அளவீட்டைத் தொடங்கியது. கோடைக்கானலை நிலையான கூடங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டு செய்த அந்த வேலையும் இந்த வழியில்தான் நடந்தது.

பேரப்பிள்ளைகள் 5/6 என்று மனப்பாடம் செய்வதைக் கேட்டால், ஒரு காந்தத்தையும் கொஞ்சம் இரும்புத்தூளையும் கையில் கொடுங்கள்.