பேட்டைச் சுவரும் பிடி அரிசியும்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். முத்தியால்பேட்டையைப் பார்த்து வளர்ந்ததால், 'பேட்டை' என்றால் ஊரின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன். உத்தியோக நிமித்தம் விருதுநகரில் இருந்த நாளில் ஒரு வயதான வியாபாரி திருத்தினார்: "அது இல்ல சார். சுத்தி மதிலு, உள்ள கிணறு. ராத்திரியில வண்டி, மாடு, சரக்கு எல்லாம் உள்ள வந்திரும்."

1801-ல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தன. அதன்பின் தெற்கேயிருந்து நாடார் வியாபாரிகள் கருப்பட்டி, கருவாடு, உப்பு ஏற்றிய வண்டிகளோடு வடக்கே வந்தார்கள். வழியில் கள்ளர் பயம். அதற்காகக் கட்டியவை இந்தப் பேட்டைகள். சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களிலும் அவர்கள் குடியேற்றம் வேர்விட்டது.

பேட்டையைப் பராமரிக்க ஒவ்வொருவரும் கொடுத்த சிறு தொகைதான் மகமை. பிறகு அது விற்கும் சரக்கின்மேல் வந்தது. உறவின்முறை அதை நிர்வகித்தது. கிணறு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

பள்ளியில் நான் படித்த 'ஒக்த்ருவா' நினைவுக்கு வந்தது. பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குக்கு வாயிலிலேயே வாங்கிய வரி அது. வசூலுக்கென்றே நகரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். 1789 ஜூலையில் ஜனங்கள் அந்த வாயில்களைக் கொளுத்தினார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 1889-ல், விருதுபட்டியில் க்ஷத்ரிய வித்யாசாலா தொடங்கியது. வீடுதோறும் பிடி அரிசி ஒதுக்கி அதை நடத்தினார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். பிற்பாடு முதலமைச்சராகி ஊர் ஊராய்ப் பள்ளியும் மதிய உணவும் கொண்டுவந்தார்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. கோயில் நுழைவு கேட்டதால் மூண்ட பகை, 1899-ல் சிவகாசிக் கொள்ளையாக வெடித்தது. வண்டிக்காகக் கட்டிய மதிலின் அருமை அன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அரசாங்கக் குமாஸ்தாவாக வரிக் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். கேட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அந்தப் பெரியவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டு எழுதி வைத்திருக்கலாம். தினமும் அந்த வழியாகத்தான் ஆபீஸ் போனேன். 'நாளைக்குக் கேட்கலாம்' என்று தள்ளிப் போட்டேன். அவர் இப்போது இல்லை. உங்கள் வீட்டில் பேட்டையைப் பார்த்த பெரியவர் யாரேனும் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.