முடித்தேன், விட்டேன், கலாஸ்

துபாயில் கட்டி முடித்த ஒரு சுவரைப் பற்றி அலுவலகக் கடிதம் 'கம்ப்ளீட்டட்' என்கிறது. போர்மன் 'ஃபினிஷ்' என்கிறார். பூசி முடித்தவர் கையைக் கழுவிக்கொண்டே 'கலாஸ்' என்கிறார்.

அந்தக் கடித ஆங்கிலம் லண்டனிலிருந்து நேரே வந்ததல்ல, பம்பாய் வழியாக வந்தது. 1947 வரை வளைகுடாவின் பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்திய அரசின் கீழ் இருந்தார்கள். 1909இல் துபாயில் திறந்தது இந்திய அஞ்சலகம். 1966 வரை அங்கே செலவானது ரூபாய். 1959 முதல் வளைகுடாவுக்கென்றே தனி நோட்டை நம் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. கோப்புகளோடு குமாஸ்தா ஆங்கிலமும் கப்பலேறியது. 'டூ த நீட்ஃபுல்' என்ற தொடரை இங்கிலாந்து மறந்தே போய்விட்டது. துபாய் மின்னஞ்சல்களில் அது சௌக்கியமாக இருக்கிறது.

எண்ணெய்ப் பணம் கொண்டுவந்து சேர்த்த தொழிலாளிகளுக்கோ பொதுமொழி எதுவுமில்லை. அரபுச் சொற்களை வைத்து அவர்களே ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். 1990இல் ஜே.ஆர். ஸ்மார்ட் என்ற ஆய்வாளர் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அதில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. பக்கத்தில் 'கலாஸ்' வந்தால் காரியம் முடிந்தது என்று பொருள். 'சுகுல் கலாஸ்', வேலை முடிந்தது. 'புலூஸ் கலாஸ்', காசு தீர்ந்தது.

அரபியில் அந்த வேர்ச்சொல்லுக்கு விடுபடுதல், தூய்மையாதல் என்றும் பொருளுண்டு. நம் முஸ்லிம் வீடுகளில் தூய மனதைக் குறிக்கும் 'இக்லாஸ்' அதன் உடன்பிறப்பு. சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தருபவர் 'முகல்லிஸ்'. தமிழனுக்கு இது அந்நியமே அல்ல. 'முடித்துவிட்டேன்' என்பதில் நாமும் 'விடு' என்ற வினையைத்தானே துணைக்குச் சேர்க்கிறோம்? ஆங்கிலத்தின் 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்' நேர் எதிர். 'ஹேவ்' முதலில் கையில் வைத்திருப்பதைக் குறித்த சொல். நாம் விட்டு முடிக்கிறோம், அவர்கள் பிடித்து முடிக்கிறார்கள். 'முடிச்சாச்சு' என்றால் இன்னும் வசதி: செய்தவர் யார் என்றே சொல்ல வேண்டாம்.

என் கணினித் தொழிலில் 'ரிசால்வ்ட்' வேறு, 'க்ளோஸ்ட்' வேறு. முதலாவதைச் சரிசெய்தவர் சொல்லலாம். இரண்டாவதற்கு வாடிக்கையாளர் ஒப்ப வேண்டும். கட்டுமானத்தில் இந்த இடைவெளி பணமாகிறது. 1957இல் முதலில் வெளியான ஃபிடிக் ஒப்பந்தப் படிவம் வளைகுடாவில் பரவலாகப் புழங்குவது. அதன்படி பொறியாளர் சான்றிதழ் தந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஒப்பந்ததாரரின் பில்லில் பிடித்துவைத்த தொகையில் பாதி அப்போது வரும். மீதிப் பாதி, குறைகளைத் திருத்தித் தருவதற்கான காலக்கெடு கழிந்த பிறகு. அதற்குள் 'கலாஸ்' என்றவர் வேறு சைட்டில் இருப்பார், அல்லது ஊரில்.