புழுங்கலரிசியும் மரத்த கால்களும்

பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில் இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதி மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, குயின் தெரு, கிங் தெரு ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்டது. 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இங்குதான் உள்ளது. துறைமுகமும் கூப்பிடு தொலைவில் இருப்பதால், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழரில் பலர் முதலில் மிதித்த தமிழ்த் தெருக்கள் இவையே. இங்குள்ள மளிகைக் கடைகளில் பச்சரிசியும் கிடைக்கும், புழுங்கலரிசியும் கிடைக்கும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு நாவைப் பற்றியது, வழக்கத்தைப் பற்றியது என்றே வாங்குவோர் கருதுவர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் அவ்வேறுபாடு உயிரைப் பற்றியதாக இருந்தது.

அக்காலத்தில் இத்தீவில் வாழ்ந்த உழைப்பாளிகளைக் கலங்கச் செய்த உடற்குறி ஒன்று உண்டு. அது காயமன்று, காய்ச்சலுமன்று. காலையில் எழுந்ததும் பாதம் மரத்திருப்பதே அக்குறி. உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, கெண்டைக்காலில் இனந்தெரியாத வலி, தரை பஞ்சுபோல் தோன்றுதல் ஆகியவை அதனைத் தொடரும். நேற்றுவரை மூட்டை சுமந்தவனுக்கு இன்று ஏன் இப்படி என்று எவராலும் சொல்ல இயலவில்லை. சொல்லப்பட்ட விடைகளோ அச்சத்தைப் பெருக்கின. மரத்துப்போதல் தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அவ்வாறாயின், கடலில் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்த ஜெரஜாக் தீவின் தொழுநோய் இல்லத்திற்குச் செல்ல நேரிடும். அங்கே சென்றவர் வீடு திரும்புவது அரிது. தொழுநோய் இல்லையெனில் அது பெரிபெரியாக இருக்கலாம். அவ்வாறாயின் எங்கும் செல்ல வேண்டியதில்லை. கிடந்த இடத்திலேயே முடிவு வரும்.

பெரிபெரி என்னும் பெயர் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்றும், ‘என்னால் இயலாது’ என்பது அதன் பொருள் என்றும் கூறுவர். பெயர் பொருத்தமானதே. இந்நோய் இரு வடிவில் வரும். ஒன்றில் நரம்புகள் தளர்ந்து, தசைகள் வற்றி, கால்கள் செயலறும். மற்றொன்றில் உடல் நீர் கோத்து வீங்கி, இதயம் திடுமெனச் சோரும். மாலையில் பேசிக்கொண்டிருந்தவர் விடியுமுன் இறப்பதும் உண்டு. மருத்துவர் கையாண்ட சோதனை மிக எளியது. நோயாளியைக் குந்தச் சொல்வர். பின் கையூன்றாமல் எழச் சொல்வர். எழ இயலாதவன் நோயாளி. வரிசையில் தன் முறைக்காகக் காத்து நின்றவனின் முழங்கால் நோயாலன்றி அச்சத்தாலேயே நடுங்கியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

பினாங்கு வழியாக லாருட் ஈயச் சுரங்கங்களுக்குச் சென்ற சீனத் தொழிலாளர்களே இந்நோய்க்குப் பெரிதும் இரையாயினர். சிறைகள், மருத்துவமனைகள், மனநோயர் விடுதிகள் ஆகியவற்றிலும் அது புகுந்தது. ஆங்கிலேய மருத்துவர் இதற்குப் பல காரணம் கூறினர். வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பாட்ரிக் மான்சன், மண்ணிலும் கட்டடத்திலும் தங்கிய கிருமி ஒன்று நஞ்சை வெளிவிடுகிறது எனக் கருதினார். 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட் குடலில் தங்கும் நுண்ணுயிரே காரணம் என்றார். இக்கருத்துகளை நம்பிக் கட்டடங்களுக்கு மருந்தடித்தனர். நோயாளிகளை இடம் மாற்றினர். சோற்றுப் பானைக்குள் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. கற்றறிந்தவர்கள் அடுக்களையை அறிவுக்குரிய இடமாகக் கருதாதது அந்நாளில் மட்டும் நிகழ்ந்த தவறன்று.

முதல் ஒளி கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. பினாங்குக்கு மேற்கே, நீரிணையின் மறுகரையில் உள்ள அச்சேயில் 1873 முதல் ஒல்லாந்தர் போர் நடத்திக்கொண்டிருந்தனர். அவர்தம் படையினரை எதிரியைப் போலவே பெரிபெரியும் வீழ்த்தியது. இதனை ஆராய 1886-இல் பெகெல்ஹாரிங் என்பவரும், விங்க்ளர் என்னும் நரம்பியல் மருத்துவரும் அனுப்பப்பட்டனர். அவர்களுடன் சென்ற இளம் மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் பத்தாவியாவிலேயே தங்கிக் கிருமியைத் தேடலானார். 1889-இல் அவர் வளர்த்த கோழிகளின் கால்கள் தளர்ந்தன. அவை படை மருத்துவமனையின் வெள்ளைச் சோற்றைத் தின்றுவந்தவை. பின்னர்ப் புதிய சமையற்காரர் ஒருவர் வந்தார். படைவீரர்க்குரிய அரிசியைப் படையில் சேராத கோழிகளுக்கு இடுவதற்கில்லை என மறுத்தார். மலிவான தீட்டாத அரிசி இடப்பட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. கணக்குப் பார்க்கும் ஒரு சமையற்காரர் செய்த நன்மைகளுள் இதனினும் பெரியது இருக்க முடியாது. ஆயினும் வெள்ளரிசியில் நஞ்சு உள்ளது, தவிடு அதற்கு மாற்று என்றே ஐக்மன் முதலில் எண்ணினார். நஞ்சு யாதும் இல்லை, தேவையான ஒன்று குறைகிறது என்று 1901-இல் எடுத்துரைத்தவர் அவருக்குப் பின் ஆய்வைத் தொடர்ந்த கிரைன்ஸ்.

மலாயாவில் இவ்வுண்மையைத் தொட்டவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன். அவர் கண்ட காட்சி இதுதான்: ஒரே ஊர், ஒரே நீர், ஒரே காற்று, சீனர் கூட்டங்கூட்டமாகச் சாகின்றனர், மலாய்க்காரர் கிராமங்களில் நோய் அரிது, தமிழரிடையே பெரும்பாலும் இல்லை. தமிழரோ செல்வத்தால் சிறந்தவரல்லர். தோட்டங்களில் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் அவர்கள் மாண்ட தொகை பெரிது. குடியிருப்பிலோ துப்புரவிலோ அவர்களுக்கு மேம்பாடு எதுவும் இல்லை. வேறுபாடு உலையில் இருந்தது. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது தம் வயலில் விளைந்து வீட்டு உரலில் குத்திய அரிசி. தமிழர் உண்டதோ இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. அதன் மணம் பிறருக்குப் பிடிக்காது. அந்த மணத்திற்காகவே தமிழரை இகழ்ந்தோரும் இருந்திருப்பர். 1907-இல் வெளியிட்ட தம் நூலில் பிராடன் இவற்றையெல்லாம் தொகுத்துரைத்தார். ஆனால் பச்சரிசி நாட்பட்டுக் கெடும்போது அதில் நஞ்சு தோன்றுகிறது என்பதே அவர் கண்ட காரணம். கண்டது சரி, சொன்ன காரணம் தவறு. அறிவியல் வரலாற்றில் இவ்வகையினர்க்குரிய மதிப்பு குறைவாகவே கிடைக்கிறது.

அவர் கூற்றைச் சோதிக்க முன்வந்தவர் கோலாலம்பூர் மனநோயர் விடுதியின் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். அவர் பிராடனை நம்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1905 டிசம்பரில் விடுதியினரை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு கூடத்திலும் இரட்டைப்படை எண்ணினரை எதிர்க்கூடத்திலும் தங்கவைத்தார். ஒரு கூடத்தார்க்குச் சயாம் வெள்ளரிசி. மறு கூடத்தார்க்கு இந்தியப் புழுங்கலரிசி. பிற உணவு ஒன்றே. இடத்தின் குற்றமோ என்னும் ஐயம் எழாதவாறு, 1906-இன் நடுவில் இரு சாராரையும் கூடம் மாற்றினார். ஆண்டு முடிவில் வெள்ளரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டிருந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் அந்நோயால் மாண்டவர் எவருமில்லை. நோய் கண்ட இருவரும் உள்ளே வரும்போதே அதனுடன் வந்தவர்கள். சோதனையின் நேர்த்தியை மருத்துவ நூல்கள் பாராட்டுகின்றன. ‘சம்மதமா’ என்று எவரும் கேட்கவியலாத நிலையில் இருந்த மனிதர்கள் அந்தப் பதினெண்மர் என்பதையும் அப்பாராட்டின் பக்கத்தில் எழுதிவைப்பது முறை.

அடுத்து பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஜெலெபு வட்டாரக் காட்டில் சாலை அமைத்த 300 சாவகத் தொழிலாளரிடையே இதே ஆய்வைச் செய்தனர். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளரிசிக் கூட்டத்தில் நோய் தோன்றியது. இடம் மாற்றினர், நோய் இடத்தைப் பற்றி நிற்காமல் அரிசியைப் பின்தொடர்ந்தது. நஞ்சு உள்ளே வருவதால் அன்று, தீட்டும்போது தவிட்டுடன் ஒன்று வெளியே போவதால்தான் இந்நோய் என அவர்கள் நிறுவினர். 1912-இல் காசிமிர் ஃபுங்க் அத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பொதுப்பெயரைத் தந்தார். 1926-இல் பத்தாவியாவில் அது படிகமாகப் பிரிக்கப்பட்டது. 1936-இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ் அரிசிக்குப் பேர்போன நெல்லூரில் பிறந்தவர் என்பது தற்செயலே ஆயினும் சுவையானது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்கு அடுத்த தவிட்டிலும் முளையிலும் இருக்கும் வைட்டமின் பி1 நீரில் கரைந்து அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. உலர்ந்தபின் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் அதன் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். பச்சரிசியில் அது மேற்புறத்திலேயே இருப்பதால் தவிட்டோடு போய்விடுகிறது. சர்க்கரையை ஆற்றலாக்க நரம்புகளுக்கு இப்பொருள் இன்றியமையாதது. உடலோ இதனைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்துவைப்பதில்லை. நெல்லவித்த தமிழ்ப் பெண்டிர் இதனை அறிந்து செய்தாரல்லர். அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது என்பவையே அவர்கள் கண்ட பயன்கள். முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோர்க்கு இது உவப்பாக இராது. ஆனால் உண்மை இதுவே.

தமிழர் குருதியில் தனிக் காப்பு எதுவும் இல்லை என்பதற்கு அன்றைய சென்னை மாகாணமே சான்று. பச்சரிசியை விரும்பி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தென் மாவட்டங்களில் இல்லை. குன்னூரில் இருந்து ஆய்வு நடத்திய மக்காரிசன் போன்றோர் இதனைக் கவனித்தனர்.

அதனினும் கொடிய சான்று பின்னர் வந்தது. 1941 டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசின. ஒரு வாரத்தில் ஆங்கிலேயர் தீவைக் கைவிட்டனர். இந்தியாவிலிருந்து வந்த கப்பல்கள் நின்றன, புழுங்கலரிசியும் நின்றது. பங்கீட்டு அரிசி மாதந்தோறும் சுருங்க, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. முன்பு சீனரின் நோய் எனத் தமிழர் ஒதுங்கி நின்ற பெரிபெரி இப்போது இன வேறுபாடு பாராமல் வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்க்கு அதுவும் கிட்டவில்லை. 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் அவர்கள் பெற்றது தீட்டிய அரிசிச் சோறும் நீர்த்த குழம்புமே. வாந்திபேதி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாப் புண் ஆகியவற்றுடன் பெரிபெரியும் சேர்ந்து பல்லாயிரம் தமிழரைக் கொன்றது. வீங்கிய காலில் விரலால் அழுத்தினால் குழி விழும். அக்குழி மறைய நேரமாகும். அடுத்தது யார் என்பதை அதைக்கொண்டே தோழர்கள் அறிந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காரணம் கண்டறியப்பட்டு அச்சேறியிருந்த நோய் அது. தவிடு கலந்த சோறோ, ஒரு கைப்பிடிப் பயறோ கிடைத்திருந்தால் இந்நோயினின்றேனும் பலர் தப்பியிருப்பர்.

இன்று பினாங்கில் பெரிபெரியைக் காண்பது அரிது. கால் மரத்தது என்று வரும் தமிழரிடம் மருத்துவர் முதலில் பார்ப்பது இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவை. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதே காரணம். அதுவும் இல்லையெனில் முதுகுத்தண்டு, மதுப்பழக்கம், வைட்டமின் குறைவு என ஒவ்வொன்றாகத் தேடுவர். எல்லாம் தேடியும் யாதும் அகப்படாமல், பக்கவாதமோ மூளைக்கட்டியோ என்று உறக்கமிழந்து மருத்துவர் மாற்றி மருத்துவரை நாடுவோரும் உளர். அவர்களுடைய மதமதப்பு பொய்யன்று. மனக்கலக்கமும் மிகுந்து மூச்சு வாங்குதலுங்கூட விரல்களை மரக்கச் செய்யும். ‘அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை’ என்று அவர்களிடம் கூறும் இன்றைய மருத்துவர், ‘கட்டடத்தில் நஞ்சு’ என்று கூறிய பழைய மருத்துவரைப் போலவே உறுதியான குரலில்தான் பேசுகிறார். ஆனால் இவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கிறது. சொல்லுமுன் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார்.