மாளிகைமேடு கண்ணாடிப் பொருள்கள்

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில், முதலாம் இராசேந்திரன் (ஆட்சி 1014–1044) காலம் தொட்டுச் சோழர் தலைநகராக விளங்கிய நகரின் அரண்மனைப் பகுதியில் கிடைத்த வளையல் துண்டுகள், மணிகள் முதலியன. தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 1980களில் இங்கு அகழாய்வு நடத்தியது. 2021இல் பணி மீண்டும் தொடங்கியது. செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் ஓடுகளோடு இவை வெளிப்பட்டன.

கண்ணாடிப் பொருள்களுக்கு இவற்றைவிடக் காலத்தால் முந்தைய சான்று புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேடு. அங்கு 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் உரோமானியக் கண்ணாடிக் கிண்ணத் துண்டுகள் கிடைத்தன. அக்கிண்ணங்கள் கடல்கடந்து வந்தவை. மணியோ அவ்வூரிலேயே செய்யப்பட்டது. உருகிய கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து, ஆறியபின் சிறு துண்டுகளாக நறுக்கி, விளிம்பின் கூர் மழுங்க மீண்டும் சூடேற்றுவர். ஒரு மணியை ஒளியில் பிடித்தால், துளைக்கு இணையாக நீண்டோடும் குமிழிக் கோடுகள் இம்முறையைக் காட்டிக்கொடுக்கும்.

மாளிகைமேட்டின் உடைந்த வளையல்கள், கல்வெட்டுகள் அதிகம் பேசாத அன்றாட அலங்காரத்துக்கு நேரடிச் சான்று. மன்னர் பெயர்களுக்கு நிகராக மதிக்கத்தக்கவை. உடன் கிடைத்த பீங்கான், 1033இல் சீனத்துக்குத் தூது அனுப்பிய சோழ அரசின் கடல்வணிகத் தொடர்பை உறுதிசெய்கிறது.