நியூயார்க் சுரங்க ரயில்: ஒரு பந்தயம் காட்டும் வரலாறு

நியூயார்க் சுரங்க ரயிலின் எல்லா நிலையங்களையும் மிகக் குறைந்த நேரத்தில் கடந்துவிடும் பந்தயம் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. 1967இல் கணினி வல்லுநர் பீட்டர் சாம்சனும் நண்பர்களும் பிடிபி-6 என்னும் கணினியின் துணையோடு வழியை வகுத்துக்கொண்டு புறப்பட்டனர். அப்போதும் ஏறத்தாழ 26 மணி நேரம் ஆயிற்று.

நகரம் பெரிது என்பது மட்டுமே இதற்குக் காரணமன்று. இந்த ரயில் வலை ஒரே கையால் வரையப்பட்டதும் அன்று. 1904இல் ஓடத் தொடங்கிய ஐஆர்டி, அதனோடு போட்டியிட்ட பிஎம்டி என்னும் இரு தனியார் நிறுவனங்களும், 1932இல் மாநகரமே தொடங்கிய ஐஎன்டியும் தத்தமக்கெனப் பாதை அமைத்தன. 1940இல் மூன்றும் மாநகரின் உடைமையாயின.

உடைமை ஒன்றாயிற்று, பாதைகள் ஒன்றாகவில்லை. ஐஆர்டியின் சுரங்கங்கள் குறுகலானவை. மற்ற இரண்டின் அகன்ற பெட்டிகள் அவற்றுள் ஓட இயலாது. ஆகவேதான் இன்றும் எண்ணால் குறிக்கப்படும் ரயில்கள் ஐஆர்டியின் வழித்தோன்றல்களாகவும், எழுத்தால் குறிக்கப்படுபவை மற்ற இரண்டின் வழித்தோன்றல்களாகவும் பிரிந்து நிற்கின்றன.

ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பந்தயக்காரர் படிகளில் ஓடிக் கழிக்கும் நிமிடங்களில் அந்தப் பழைய போட்டியின் பங்கும் உண்டு. அவருக்கு அது ஒருநாள் விளையாட்டு. அன்றாடப் பயணியோ அதே படிகளை நாள்தோறும் ஏறி இறங்குகிறார்.