கேஸ் போச்சுங்களா? – ஐஸ் ஹவுஸ் முதல் அடுப்பங்கரை ஃப்ரிட்ஜ் வரை

 

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் நினைவுகள் எழுத நிறையப் பேர் இருக்காங்க. நீங்க உங்க தொழிலைப் பத்தி எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். நம் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பிறகு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலையைக் கற்றுக்கொண்டு, தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று முப்பது வருடத்துக்கும் மேல் டூல்ஸ் பையோடு சுற்றியவன் நான். இந்தத் தொழிலில் என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "ஃப்ரிட்ஜ் ஓடுதுங்க, ஆனா கூலிங் இல்லைங்க. கேஸ் போச்சுங்களா?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு சரித்திரமே சொல்ல வேண்டும். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை உண்மை. குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஃப்ரிட்ஜ் குளிரை 'உண்டாக்குவது' இல்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். வெப்பம் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். உள்ளே இருப்பதை உறிஞ்ச வேண்டும். அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வெளியே விட வேண்டும். இந்த நான்கு வேலைகளையும் மனிதன் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டான். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனால் இந்த நான்கில் ஒன்றுதான் கெட்டிருக்கும்.

தடுத்தல்

சென்னை கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டாரத்துக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், அங்கே குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸோடு கிளம்பி, நான்கு மாதம் கடலில் வந்து கல்கத்தாவை அடைந்தபோது, சுமார் 100 டன் கரையாமல் மிச்சம் இருந்ததாம்! சென்னையில் அந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் நமது ஐஸ் ஹவுஸ்.

நான்கு மாதம் அதைக் காப்பாற்றியது எந்த மிஷினும் இல்லை, மரத்தூள்தான். வெப்பம் உள்ளே புகாமல் அது அடைத்துக்கொண்டது. 1874-ல் சென்னையிலேயே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கி, மிஷினில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கியபோது அந்தக் கட்டடம் ஐஸ் கிடங்காக இல்லை. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடாகியிருந்தது.

அன்று மரத்தூள் செய்த வேலையை இன்று உங்கள் ஃப்ரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் ஃபோமும், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் காஸ்கெட்டும் செய்கின்றன. அந்தக் காஸ்கெட்டுக்குள் இருக்கும் காந்தத்துக்கும் ஒரு சோகக் கதை உண்டு. பழைய ஃப்ரிட்ஜ்களுக்கு வெளியே மட்டும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் இருந்தது. தூக்கிப் போட்ட பெட்டிகளுக்குள் விளையாட்டாக ஒளிந்த குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தார்கள். அமெரிக்காவில் 1956-ல் ஒரு சட்டமே கொண்டுவந்து, கதவு உள்ளேயிருந்தும் திறக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். காந்தக் கதவு பரவியது அதன் பிறகுதான். தாழ்ப்பாள் வைத்த பழைய பெட்டி யார் வீட்டுக் கொல்லையிலாவது கிடந்தால், கதவைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

சோதனை சுலபம். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்தால், அந்த இடத்தில் வெப்பம் உள்ளே போகிறது. வெந்நீரில் நனைத்த துணியால் காஸ்கெட்டைத் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும். விறைத்துக் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

உறிஞ்சுதல்

நம் ஊர் மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருப்பது ஏன்? பானையில் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இதே தத்துவத்தை வைத்து ஸ்காட்லாந்தில் வில்லியம் கல்லன் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஈதரை ஆவியாக்கிக் கொஞ்சம் ஐஸ் எடுத்துக் காட்டினார். ஆவியானதை வீணாக்காமல் அழுத்தித் திரும்பத் திரவமாக்கி, சுற்றிச் சுற்றி ஓடவிடும் இயந்திரத்துக்கு 1834-ல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ஜேக்கப் பெர்கின்ஸ். உங்கள் ஃப்ரீஸரும் ஒரு மண்பானைதான். தண்ணீருக்குப் பதில் கேஸ், அவ்வளவே.

ஃப்ரீஸர் சுவரில் ஐஸ் கனமாகப் படிந்தால் அது கம்பளி போர்த்தியது மாதிரி. உள்ளே இருக்கும் வெப்பம் ஃப்ரீஸரின் உலோகத்தை எட்டாது. அரை சென்டிமீட்டர் கனம் ஆவதற்குள் டீஃப்ராஸ்ட் செய்துவிட வேண்டும். தயவுசெய்து கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் குத்தாதீர்கள்! மெல்லிய அலுமினியத் தகட்டில் ஓட்டை விழுந்தால், அப்போதுதான் உண்மையிலேயே கேஸ் போகும்.

இரட்டைக் கதவு 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' பெட்டிகளில் வேறு ஏற்பாடு. ஃப்ரீஸரின் பின்தகட்டுக்கு உள்ளே குளிர்ச்சுருள் மறைந்திருக்கும். ஒரு சிறு ஃபேன் அந்தக் குளிர்காற்றைக் கீழே தள்ளும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் எரிந்து, சுருளில் படிந்த பனியைக் கரைக்கும். அந்த ஹீட்டரோ, அதன் சென்சாரோ, டைமரோ கெட்டால் பனி அடைத்துக்கொண்டு காற்று கீழே வராது. மேலே ஐஸ்கிரீம் கல்லாக இருக்கும், கீழே பால் திரிந்துபோகும். இந்த அடையாளத்தை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

தள்ளுதல்

பெட்டியின் இதயம் கம்ப்ரஸர். அதற்கு மின்சாரம் வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே மேட்டூர் அணை 1934-ல் எழுந்தது, 1937-ல் அங்கே மின் உற்பத்தியும் தொடங்கியது. இந்தியாவிலேயே ஃப்ரிட்ஜ் செய்ய 1958-ல் கோத்ரெஜ் முன்வந்தது. ஆனால் நம் கிராமத்து வீடுகளுக்குள் ஃப்ரிட்ஜ் நுழைய அதற்குப் பிறகும் பல வருடம் ஆயிற்று. நான் தொழிலுக்கு வந்த காலத்தில், கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓடும் கோடையில் பல்பு மண்ணெண்ணெய் விளக்கு மாதிரிதான் எரியும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 160, 170 வந்தால் கம்ப்ரஸர் எப்படிக் கிளம்பும்? 'டிக்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டிக்'. கிளம்பப் பார்த்து, முடியாமல், பாதுகாப்பு சுவிட்ச் துண்டிக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சத்தம் கேட்டால் முதலில் வோல்டேஜ் பாருங்கள், அடுத்து ரிலே. கம்ப்ரஸரோடு ஒப்பிட்டால் ரிலே விலை சொற்பம். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து சுவிட்ச் போடுங்கள். குழாய்க்குள் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும்.

வெளியே விடுதல்

1927-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி விற்ற பிரபலமான ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸரும் கன்டென்சர் சுருளும் தலையில் கிரீடம் வைத்தது போல உச்சியில் இருக்கும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் காற்றோட்டம் பிரமாதம்! பிற்பாடு அது முதுகுப்பக்கம் போயிற்று; இன்று பல மாடல்களில் பக்கவாட்டுச் சுவருக்குள்ளேயே ஒளிந்துவிட்டது. ஃப்ரிட்ஜின் பக்கம் சூடாக இருக்கிறது என்று பயந்து கூப்பிடுவார்கள். பயமே வேண்டாம், உள்ளே இருந்த வெப்பம் வெளியே வருகிறது என்று சந்தோஷப்படுங்கள்.

நம் ஆட்கள் செய்வது என்ன? ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, மேலே கனத்த துணி போர்த்தி அழகு பார்ப்பார்கள். கோடையில் கூலிங் குறையாமல் என்ன செய்யும்? சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். பின்னால் சுருள் தெரிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருடம் இருமுறை தூசி தட்டுங்கள். செலவு: ஒரு பிரஷ்.

கேஸின் கதை

இப்போது கேஸுக்கு வருவோம். ஆரம்பகால ஃப்ரிட்ஜ்களில் சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. பெர்லினில் ஃப்ரிட்ஜ் கசிந்து ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்துத்தான், ஆல்பர்ட் ஐன்ஸ்டீனும் லியோ ஸிலார்டும் கசிவே இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்கள் என்பார்கள். 1930-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்கள். ஆமாம், அதே ஐன்ஸ்டீன்தான்!

அதே 1930-ல் தாமஸ் மிட்ஜ்லி வேறு வழி காட்டினார். புதிய சி.எஃப்.சி. வாயுவை மேடையிலேயே மூச்சில் இழுத்து, அதை ஊதி மெழுகுவர்த்தியை அணைத்தார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது! உலகமே அதற்கு மாறியது. ஆர்-12 என்று நாங்கள் சிலிண்டரில் வாங்கியது அதுதான். ஆனால் 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இது மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்றுவிடும் என்றார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டையே தெரிந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1992-ல் இந்தியா சேர்ந்தது. 2008-ல் நம் நாட்டில் சி.எஃப்.சி. உற்பத்தி நின்றது. எங்கோ விஞ்ஞானிகள் எழுதியது, தர்மபுரி பஸ் ஸ்டாண்டு அருகே கடை வைத்திருந்தவனின் சிலிண்டரையும் மாற்றியது என்றால் சரித்திரம் என்பது இதுதானே!

பிறகு ஆர்-134ஏ வந்தது. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை; ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். இப்போது புதிய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அது நம் சமையல் கேஸுக்குச் சொந்தக்கார வாயு. ஐம்பது கிராம் அளவில்தான் இருக்கும், ஆனால் தீப்பிடிக்கும். பழைய பழக்கத்தில் கேஸை முழுக்க வெளியேற்றாமல் குழாயில் வெல்டிங் டார்ச் காட்டினால் உயிருக்கே ஆபத்து. கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் எந்த கேஸ் என்று எழுதியிருக்கும். மெக்கானிக் தொடுவதற்கு முன் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றுவது. இருபது வருடமானாலும் அப்படியே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல், ஃபில்டரை மாற்றாமல், வேக்குவம் போடாமல் "கேஸ் ஏத்தியாச்சுங்க" என்றால் அது காசைத் தண்ணீரில் போட்டது போலத்தான்.

பாலக்கோடு பக்கம் ஒரு அம்மா, பழைய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை வாங்கி வைத்துப் பால், தயிர் விற்றுக்கொண்டிருந்தார். அதிலேயே கணவரின் இன்சுலினும் இருக்கும். ஒரே கோடையில் மூன்று தடவை கேஸ் சார்ஜ் செய்து பணம் கொடுத்திருக்கிறார். "ஒவ்வொரு தடவையும் பத்து நாள் நல்லா இருக்குதுங்க தம்பி, அப்புறம் பழையபடி ஆகிடுது" என்றார். மேலே ஐஸ் இருக்கிறது, கீழே கூலிங் இல்லை. பின்தகட்டைக் கழற்றினால் சுருள் முழுக்கப் பனிப்பாறை! போனது கேஸ் அல்ல, டீஃப்ராஸ்ட் ஹீட்டர். அப்படியானால் பத்து நாள் நன்றாக ஓடியது எப்படி? கேஸ் ஏற்ற வந்தவர்கள் ஒரு நாள் முழுக்கப் பெட்டியை நிறுத்திப் போட்டார்கள். பனி தானாகக் கரைந்தது. பெருமை கேஸுக்குப் போயிற்று. ஹீட்டர் மாற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா மூன்று தடவை கொடுத்தது பால் விற்ற காசு. நான் இந்தக் கட்டுரை எழுதுவதே அதற்காகத்தான்.

உயிர் காக்கும் பெட்டி

இந்தியாவில் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978-லும், அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-லும் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதற்கென்றே சுவருக்குள் ஐஸ் வைத்த தனிப் பெட்டிகள் உண்டு. நாளில் எட்டு மணி நேரம் கரண்ட் இருந்தால் போதும், சமாளித்துக்கொள்ளும். இதில் குளிர் குறைவது மட்டும் ஆபத்தல்ல. அதிகமாகி உறைந்தாலும் ஹெபடைடிஸ்-பி போன்ற மருந்துகள் வீணாகிவிடும். அதனால்தான் காலை மாலை தெர்மாமீட்டர் பார்த்து எழுதி வைக்கிறார்கள். வீட்டில் இன்சுலின் வைப்பவர்களும் இதைப் பின்பற்றலாம். ஃப்ரீஸருக்குள் வைக்காதீர்கள், கீழ்த்தட்டில் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வையுங்கள்.

முடிவாக, கூலிங் இல்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள்: வோல்டேஜ், தெர்மோஸ்டாட் நம்பர், கதவு, சுற்றிலும் காற்றோட்டம், ஃப்ரீஸர் பனி. மேலே குளிர்ந்து கீழே இல்லையா? ஒரு நாள் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக் கரையவிடுங்கள். சில நாள் ஓடி மறுபடி வந்தால் டீஃப்ராஸ்ட் கோளாறு. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும், மேலேயும் குளிர் இல்லாமல், கன்டென்சரும் சூடாகவில்லை என்றால் மட்டும் கேஸ் அல்லது கம்ப்ரஸர் மேல் சந்தேகப்படுங்கள்.

தம்பி தங்கைகளே, ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து சி.எஃப்.சி.யை நிறுத்தியதால், அண்டார்டிகா ஓசோன் ஓட்டை 2066 வாக்கில் சரியாகிவிடும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், நீங்கள் இருப்பீர்கள். வெப்ப இயக்கவியல் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். அது உங்கள் அடுப்பங்கரை மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!